கட்டிய காலும் கழன்ற காலும் - துள்ளுகட்டைகளின் கதை

மனிதனுக்குத் தன் உயரம் எப்போதும் போதுவதில்லை. மரத்தில் ஏறினான், ஏணி செய்தான், குதிரை மேல் உட்கார்ந்தான். அதுவும் போதாமல் இரண்டு கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தான். கட்டைக்கால் நடை உலகின் பல பகுதிகளில் தனித்தனியே தோன்றிய ஒரு வித்தை. நமக்கும் இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயரே 'மரக்கால்'. பாம்பும் தேளுமாக வந்த அசுரர்களை மிதித்து அழிக்க மாயவள் மரக்கால் கட்டி ஆடினாள் என்பது அதற்குச் சொல்லப்படும் கதை.

இந்தக் கட்டைக்கால்களின் இன்றைய வாரிசு 'ஜம்பிங் ஸ்டில்ட்ஸ்' என்னும் துள்ளுகட்டை. முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டு, பின்பக்கம் வளைந்த ஒரு பட்டை ஸ்பிரிங்கின் உதவியால் ஆள் உயரத்துக்குத் துள்ளிக் குதிக்கிறார்களே, அதுதான். பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த ஸ்பிரிங்கைத்தான் வியந்து பார்ப்பார்கள். ஆனால் இந்தக் கருவியின் உண்மையான வரலாறு ஸ்பிரிங்கில் இல்லை, காலைக் கட்டும் வாரில் இருக்கிறது! காலை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது, எங்கே கட்டுவது, விழும்போது கட்டு விடவேண்டுமா கூடாதா... இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடித்தான் பல நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன. பதில் தவறினால் விலை என்ன? எலும்பு!

லாண்டெஸ் நாட்டு மேய்ப்பர்கள்

கட்டைக்காலை விளையாட்டாக இல்லாமல் தொழிலுக்காகப் பயன்படுத்தியவர்களில் புகழ்பெற்றவர்கள் பிரான்சின் தென்மேற்கில், கேஸ்கனி பகுதியில் உள்ள லாண்டெஸ் என்ற இடத்து ஆட்டிடையர்கள். அந்தக் காலத்து லாண்டெஸ் ஒரு பெரிய தட்டைப் பொட்டல். மழைக்காலத்தில் தண்ணீர் வடியாது, எங்கும் சதுப்பு, முட்புதர். சாதாரணக் காலோடு நடந்தால் முழங்கால் வரை நனையும். சிதறி மேயும் ஆடுகளைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு மேடு கூடக் கிடையாது. ஆகவே மேய்ப்பர்கள் மேட்டைத் தங்கள் காலிலேயே கட்டிக்கொண்டார்கள்!

அவர்களது கட்டைக்காலின் அமைப்பு எளிமையானது. ஒரு மரக்கம்பு, அதன் நடுவில் பாதம் வைக்க ஒரு தாங்கி. பாதத்தைத் தாங்கியோடு சேர்த்துப் பிடிக்க ஒரு தோல் வார், முழங்காலுக்குக் கீழே கம்பையும் காலையும் சேர்த்துக் கட்ட இன்னொன்று. அவ்வளவுதான். கூடவே கையில் ஒரு நீளமான கோல். அதைப் பின்னால் ஊன்றிச் சாய்ந்துகொண்டால் மூன்று கால் முக்காலி ஆகிவிடும். அப்படி உட்கார்ந்தபடியே காலுறை பின்னிக்கொண்டு மணிக்கணக்கில் ஆடு மேய்ப்பார்கள். பெலிக்ஸ் அர்னோதன் (1844-1921) என்பவர் இந்த வாழ்க்கையை நிறையப் புகைப்படங்களாக எடுத்து வைத்திருக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த இரண்டு கட்டுகள். ஒன்று பாதத்தில், ஒன்று முழங்காலுக்குக் கீழே. இது ஏன் முக்கியம்? பாதத்தில் மட்டும் கட்டினால் கட்டை கணுக்காலைச் சுற்றி ஆடும். கணுக்கால் ஒரு மெல்லிய மூட்டு, அவ்வளவு நீளமான கம்பை அது தனியாக அடக்க முடியாது. முழங்காலருகே இரண்டாவது கட்டு போட்டதும் கட்டையும் காலின் கீழ்ப்பகுதியும் ஒரே எலும்பு போல ஆகிவிடுகின்றன. படித்து வராத அறிவு இது. ஆனால் இன்றைய அலுமினியத் துள்ளுகட்டை வரை இந்த இரண்டு-கட்டு முறை மாறவே இல்லை!

இந்தக் கட்டு எவ்வளவு நம்பகமானது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 1808-ஆம் ஆண்டு நெப்போலியனைச் சந்திக்க ஜோசஃபின் பயோன் நகருக்குப் போனபோது, அவரை வரவேற்கக் கட்டைக்கால் இளைஞர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் குதிரைகளின் ஓட்டத்துக்கு ஈடு கொடுத்து வண்டிகளோடு வந்தார்களாம். அடுத்தது 1891. ஆர்காஷோன் ஊரைச் சேர்ந்த சில்வன் டோர்னோன் என்ற ரொட்டிக்கடைக்காரர் பாரிசிலிருந்து மாஸ்கோவுக்குக் கட்டைக்காலிலேயே கிளம்பினார். பயணம் 58 நாள். இரண்டு நகரங்களுக்கும் இடையே 2,500 கிலோமீட்டருக்குக் குறையாது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 43 கிலோமீட்டருக்கும் மேல்! கட்டு காலை உறுத்தினால் அல்லது தளர்ந்துகொண்டே இருந்தால் இது நடக்கிற காரியமா?

ஆனால் டோர்னோன் மாஸ்கோவுக்கு நடந்தபோது அவரது ஊரில் அந்தக் கலைக்குத் தேவையே குறைந்து வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1857-ல் வந்த ஒரு சட்டம் லாண்டெஸ் நிலத்தை வடித்துப் பைன் மரம் நடச் சொன்னது. சதுப்பு போனது, புல்வெளி போனது, ஆடு போனது. கடைசியில் கட்டைக்கால் திருவிழா ஆட்டமாக மட்டும் மிஞ்சியது. ஒரு பொருளின் தேவையைச் சட்டம் ஒன்று இல்லாமல் செய்துவிட்டது!

நாமூர்: கட்டாத கட்டைக்கால்

இதற்கு நேர் எதிரான ஒரு மரபு பெல்ஜியத்தின் நாமூர் நகரில் இருக்கிறது. அங்கே கட்டைக்கால் ஒரு சண்டை விளையாட்டு. இரண்டு அணிகள் கட்டைக்காலில் நின்று மோதி, எதிராளியைக் கீழே தள்ள வேண்டும். 1411-ஆம் ஆண்டின் ஓர் ஆணையிலேயே இந்த விளையாட்டு பற்றிய குறிப்பு உண்டு. அந்த ஆணை எதற்கு? விளையாட்டைக் கட்டுப்படுத்தத்தான்! 600 ஆண்டுகள் கழித்து, 2021-ல், இதே விளையாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. காலம் எப்படி மாறுகிறது பாருங்கள்.

நாமூர்க் கட்டையைக் காலில் கட்டுவதில்லை. கம்பு தோள் வரை நீண்டிருக்கும், அதைக் கையால் பிடித்துக்கொண்டு தாங்கியில் பாதத்தை வைத்து நிற்பார்கள். காரணம் சுலபமாகப் புரியக்கூடியது. இங்கே விழுவது விபத்து அல்ல, அதுவே ஆட்டம். விழப்போகிறவன் கட்டையை விட்டுவிட்டுக் குதித்துத் தரையில் நின்றுகொள்ள வேண்டும். கட்டியிருந்தால் காலோடு கட்டையும் முறுக்கிக்கொண்டு விழும்.

ஆக, நீண்ட தூரம் நடக்க வேண்டியவன் கட்டினான். விழப்போகிறோம் என்று தெரிந்தவன் கட்டாமல் விட்டான். காலைக் கட்டும் எல்லாக் கருவிகளின் வரலாறும் இந்த இரண்டுக்கும் இடையே ஊசலாடியதுதான். கட்டினால் கட்டுப்பாடு கிடைக்கும், தப்பிக்க முடியாது. கட்டாவிட்டால் தப்பிக்கலாம், கட்டுப்பாடு கிடைக்காது.

ஸ்பிரிங் வந்தது

கட்டைக்காலில் ஸ்பிரிங் வைக்கும் யோசனை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. 1890-ல் ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலஸ் யாக்ன் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். நடக்கவும் ஓடவும் குதிக்கவும் உதவும் சாதனம் அது. காலுக்கு இணையாக வில் போன்ற நீண்ட ஸ்பிரிங். கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ள வேண்டும், காலைத் தூக்கும்போது முழங்கால் தாராளமாக மடங்க வேண்டும் என்பது அவர் திட்டம். இன்று ராணுவங்களும் மருத்துவமனைகளும் சோதித்துப் பார்க்கும் 'எக்ஸோஸ்கெலிட்டன்' கருவிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் யாக்னிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அவர் வரைந்த சாதனம் செய்து ஓட்டிக் காட்டப்பட்டதற்குப் பதிவு கிடையாது.

அடுத்த ஆண்டே, 1891-ல், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஜார்ஜ் ஹெரிங்டன் ஸ்பிரிங் வைத்த கட்டைக்காலுக்குக் காப்புரிமை வாங்கினார். வெகு உயரமும் வெகு தூரமும் தாண்டுவதற்கு என்பது அவரது எண்ணம். 1920-ல் ஜெர்மனியின் மாக்ஸ் போலிக், எர்ன்ஸ்ட் காட்ஷால் இருவரும் பதிவு செய்த ஸ்பிரிங் கட்டைதான் பின்னால் 'போகோ ஸ்டிக்' என்று உலகம் முழுவதும் பரவியது.

இவற்றில் குழந்தைகள் கைக்குப் போய்ச் சேர்ந்து வெற்றி பெற்றது எது? போகோ ஸ்டிக் மட்டுமே. அதில் காலைக் கட்டுவதே இல்லை! கையால் பிடித்து, இரண்டு பக்கத் தாங்கியில் நின்று குதிப்பது, சறுக்கினால் விட்டுவிட்டு இறங்கிவிடுவது. அதாவது நாமூர் வழி. காலில் கட்டிக்கொண்டு ஸ்பிரிங்கில் ஓடும் லாண்டெஸ் வழி இன்னும் நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. எடை குறைந்த உலோகமும், ஆயிரக்கணக்கான முறை வளைந்தாலும் உடையாத ஃபைபர் கிளாஸும் வேண்டும். அவற்றோடு, வேகமாக மாட்டி வேகமாக இறுக்கக்கூடிய நல்ல கட்டும் வேண்டும். அந்தக் கட்டு வந்தது வேறொரு விளையாட்டிலிருந்து.

பனிச்சறுக்கு படிப்பித்த பாடம்

பனிச்சறுக்குக் கட்டைகளையும் காலில்தான் கட்ட வேண்டும். பழைய காலத்தில் நுனிக்காலை மட்டும் ஒரு வாரில் நுழைத்துக்கொண்டு போவார்கள். திரும்பினால் பாதம் ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நோர்ஹைம், முறுக்கிய மரவேர், மிலாறுகளால் குதிகாலையும் சுற்றிக் கட்டினார். உடனே தாண்டவும் வளைந்து திரும்பவும் முடிந்தது! 1894-ல் ஃபிரிட்ஸ் ஹுயிட்ஃபெல்ட் பாதத்தின் இருபுறமும் பிடிக்கும் இரும்புத் தகடு கொண்டுவந்தார். 1929 வாக்கில் சுவிட்சர்லாந்தில் 'கந்தஹார்' என்ற கேபிள் கட்டு வந்தது. குதிகாலைக் கம்பிக் கேபிள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு படியிலும் கட்டு இறுகியது, கட்டுப்பாடு கூடியது, வேகம் கூடியது. கூடவே கால் முறிவும் கூடியது! இறுகப் பிடித்துக்கொண்டு விடாத அந்தக் கட்டுகளுக்கு வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'கரடிப்பொறி'. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு மீட்டர் கட்டையின் நுனி பனியில் மாட்டிக்கொண்டு உடல் மட்டும் சுழன்றால், அந்த முறுக்கு முழுவதும் கால் எலும்பில்தான் வந்து இறங்கும்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யால்மர் ஹ்வாம் என்ற சறுக்கு வீரருக்கு 1937-ல் ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஹூட் மலையில் கால் முறிந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு அளவுக்கு மேல் முறுக்கினால் தானாகவே விட்டுவிடும் கட்டு! சாதாரண நேரத்தில் பிடித்துக்கொள்ளும், ஆபத்து நேரத்தில் கழன்றுகொள்ளும். அதைச் செய்து விற்கவும் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் 'லுக்', ஜெர்மனியில் 'மார்க்கர்' போன்ற நிறுவனங்கள் இதை இன்னும் செம்மைப்படுத்தின.

அதோடு நிற்கவில்லை. எவ்வளவு முறுக்கினால் விட வேண்டும் என்பதற்கு ஒரு அளவுகோலும் வந்தது. சறுக்குபவரின் எடை, உயரம், வயது, காலணி அடிப்பாகத்தின் நீளம், ஓட்டும் திறமை, இவற்றை வைத்து ஒரு எண் கண்டுபிடித்துக் கட்டில் உள்ள திருகை அந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் எண் மாறும். கீழ்க்கால் எலும்பு முறிவுகள் 1970-களுக்குப் பிறகு பெருமளவு குறைந்தன. ஆனால் முழங்கால் தசைநார்க் காயங்களை இந்தக் கட்டுகளால் அந்த அளவுக்குத் தடுக்க முடியவில்லை. ஒரு கட்டு ஒரு வகை ஆபத்துக்குத்தான் பதில், எல்லாவற்றுக்கும் அல்ல.

இதே லுக் நிறுவனம் 1984-ல் இந்த அறிவைச் சைக்கிள் பெடலுக்குக் கொண்டு போனது. அதுவரை பந்தய வீரர்கள் பாதத்தைத் தோல் வாரால் பெடலோடு கட்டிக்கொள்வார்கள், இறங்கும் முன் குனிந்து கையால் தளர்த்த வேண்டும். புதிய பெடலில் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினாலே கழன்றுவிடும். 1985-ல் பெர்னார்டு ஹினோ இந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றதும் வார்களின் காலம் முடிய ஆரம்பித்தது.

போக்கின் கருவி

இந்தப் பின்னணியில்தான் ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் போக் வருகிறார். அவர் வடிவமைத்த துள்ளுகட்டைக்கு 2004-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமையில் அதன் பெயர் வெகு அடக்கமானது. ஒருவர் நடக்க உதவும் சாதனம், அவ்வளவுதான்! 'பவர்ஸ்கிப்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பிறகு தென்கொரியாவிலும் சீனாவிலும் அதே மாதிரியில் பல பெயர்களில் செய்ய ஆரம்பித்தார்கள். இந்த விளையாட்டுக்கே அவர் பெயரைச் சேர்த்து 'பவர்போக்கிங்' என்று பெயர் வந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நிறைவு விழாவில் இதைக் கட்டிக்கொண்டு குதித்த கலைஞர்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். பாதம் வைக்க ஒரு தட்டு. அதன் மேல் பனிச்சறுக்குப் பலகையில் இருப்பது போன்ற பக்கிள் வைத்த வார்கள். தட்டிலிருந்து மேலே ஒரு அலுமினியத் தண்டு, அதன் உச்சியில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே காலை அணைத்துக்கொள்ளும் மெத்தை வைத்த வளையம். பின்பக்கம் வில்லாக வளைந்த ஃபைபர் கிளாஸ் பட்டை. அடியில் குளம்பு மாதிரி சிறிய ரப்பர். பட்டையும் குளம்பும் புதிது. ஆனால் கட்டு? பாதத்தில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. அதே லாண்டெஸ் மேய்ப்பன் முறை! மாட்டிக்கொள்வதும் அப்படியே, உயரமான திண்டிலோ மதிலிலோ உட்கார்ந்துதான் மாட்ட முடியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும. பனிச்சறுக்கில் தானாகக் கழலும் கட்டு அவ்வளவு பேரைக் காப்பாற்றியதே, துள்ளுகட்டையில் ஏன் அதை வைக்கவில்லை? பதில் எளிது. பனிச்சறுக்கில் கட்டை கழன்றால் வீரர் பனியில் சறுக்கி விழுவார், அவர் ஏற்கெனவே தரையில்தான் இருக்கிறார். துள்ளுகட்டையில் ஆள் அந்தரத்தில் இருக்கிறார். ஒரு கால் கட்டு மட்டும் கழன்றால் ஒரு கால் இன்னொன்றை விட முழம் குட்டையாகிவிடும். பாதம் கழன்று முழங்கால் வளையம் கழலாமல் இருந்தால் இன்னும் மோசம், கட்டை காலின் குறுக்கே வந்து மாட்டும். ஆகவே இதில் பாதுகாப்பு என்றால் கழலாமல் இருப்பதுதான். விழுகிற அடியை வாங்கிக்கொள்ளும் வேலை ஹெல்மெட்டுக்கும், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளுக்கும் போய்விட்டது. காப்பு போடாமல் துள்ளுகட்டை கட்டுவது பாதிக் கருவியோடு இறங்குவதற்குச் சமம்.

ஒரு சென்டிமீட்டர் கணக்கு

கழலக்கூடாது என்று முடிவானபின் அடுத்த கேள்வி பொருத்தம். அளவு சற்றுத் தளர்ந்திருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

பாதத் தட்டுக்கும் முழங்கால் வளையத்துக்கும் இடையே 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதத் தட்டிலிருந்து தரைக்கு 45 செ.மீ. முழங்கால் வளையத்தில் பக்கவாட்டில் ஒரு செ.மீ. இடைவெளி இருந்தால் கட்டை பாதத்தை மையமாக வைத்து ஆடும். மேலே ஒரு செ.மீ. ஆடினால் கீழே குளம்பு ஒரு செ.மீ.க்கும் சற்று அதிகமாக எதிர்ப்பக்கம் விலகும். இரண்டு பக்கமும் ஆடினால் அதைப் போல் இரு மடங்கு. குளம்போ உள்ளங்கை அளவுகூட இருக்காது. கால் ஊன்றப் போகும் இடம் எது என்று மூளை போட்ட கணக்கு ஒவ்வொரு அடியிலும் தவறும்.

விசைக் கணக்கும் அப்படித்தான். குளம்பில் பக்கவாட்டில் 10 கிலோ எடைக்குச் சமமான விசை விழுந்தால், அதை அடக்க முழங்கால் வளையத்தில் 11 கிலோவுக்கும் மேல் அழுத்தம் வரும். மெத்தை அகலமாக, காலோடு ஒட்டி இருந்தால் அந்த அழுத்தம் பரவும். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அடியும் முன்னெலும்பில் சுத்தியல் அடி. கற்றுக்கொள்பவர்களின் காலில் கன்னிப்போன தடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

பாதத்துக் கட்டின் வேலை வேறு. தரையில் ஊன்றி நிற்கும்போது உடல் எடையே பாதத்தைத் தட்டோடு அழுத்திவிடும், வாருக்கு வேலையே இல்லை. கால் தரையை விட்ட பிறகுதான் அதற்கு வேலை ஆரம்பம். ஒரு காலுக்குச் சுமார் மூன்றரைக் கிலோ எடையுள்ள கட்டையைப் பாதம் வாரின் மூலமாகத்தான் தூக்கிச் செல்ல வேண்டும். வார் தளர்ந்திருந்தால் குதிகால் முதலில் எழும்பும், கட்டை ஒரு நொடி தாமதித்து வரும். ஓடும்போது பாதம் முன்னால் சறுக்கி விரல்கள் இடிக்கும். கட்டிக்கொண்டு நின்று பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றி, குதித்த பிறகு தளர்வு தெரிவது இதனால்தான்.

பொருத்தம் எப்படி முன்னேறியது?

பயன்படுத்தியவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த வரிசை ஒன்று உண்டு. முதலில் காலணி. கணுக்காலைப் பிடிக்கும், அடி கெட்டியான, நாடா கட்டும் காலணியை முடிவு செய்து எப்போதும் அதையே போட வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு செருப்பு என்றால் எந்த அளவும் நிற்காது. அடுத்து குதிகால் தாங்கியை நகர்த்திப் பாதத்தைத் தட்டின் நடுவில் நிறுத்துவது. மூன்றாவது தண்டின் உயரம். வளையம் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் முழங்கால் மடங்கும்போது இடிக்கும், கீழே இறங்கினால் நெம்புகோல் குட்டையாகிக் கட்டுப்பாடு போகும். கடைசியில்தான் வார். பலரும் செய்வது தலைகீழாக, முதலில் வாரை இறுக்குவது! அளவு தவறான கட்டையை வாரால் இறுக்கினால் வலிதான் கூடும், பிடிப்பு கூடாது.

கருவியிலும் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. வெல்க்ரோவுக்குப் பதில் பல் வைத்த பட்டை, அதைப் பூட்டும் பக்கிள். வெல்க்ரோ மண்ணும் பஞ்சும் சேர்ந்தால் பிடிப்பு விட்டுவிடும், பல் பட்டை ஒவ்வொரு பல்லாக இறுகி நிற்கும். மெல்லிய மெத்தைக்குப் பதில் கெட்டியான ஃபோம். அதிர்வில் போல்ட் தளராமல் இருக்கப் பூட்டு நட்டும் திரெட்டில் தடவும் பசையும். மூட்டில் உள்ள புஷ் தேய்ந்தால் கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கட்டை ஆடும் என்பதால் அதைச் சோதித்து மாற்றும் பழக்கம். ஃபைபர் பட்டையில் கீறலோ விரிசலோ தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்ப்பது. பட்டையும் ஆளின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஐம்பது கிலோ ஆளுக்கான பட்டையில் எண்பது கிலோ ஆள் குதித்தால் எந்தக் கட்டும் காப்பாற்றாது.

இதே பாடத்தைச் செயற்கைக்கால் துறையும் கற்றிருக்கிறது. 1976-ல் விபத்தில் ஒரு காலை இழந்த அமெரிக்கர் வான் பிலிப்ஸ், 1984-ல் நிறுவனம் தொடங்கி, கார்பன் ஃபைபரால் ஆன வளைந்த செயற்கைப் பாதங்களைச் செய்தார். பாராலிம்பிக் ஓட்டக்காரர்களின் காலில் தெரியும் அந்த வளைந்த பட்டை இந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்த ஸ்பிரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மிச்சமுள்ள காலும் செயற்கைக்காலும் சேரும் கிண்ணம் பொருந்தாவிட்டால் ஓட முடியாது, நடக்கவும் முடியாது, புண்தான் வரும். ஐஸ்லாந்தைச் சேர்ந்த, தானும் செயற்கைக்கால் அணிந்தவரான ஆசூர் கிறிஸ்டின்சன் 1980-களில் தோலின் மேல் சுருட்டி ஏற்றும் சிலிக்கோன் உறையைக் கொண்டு வந்தது இந்தப் பிரச்சினைக்காகத்தான். பிலிப்சின் நிறுவனத்தை 2000-ல் வாங்கியதும் இவர் தொடங்கிய ஆசூர் நிறுவனமே. பொருத்தம் செய்தவர்கள் ஸ்பிரிங் செய்தவர்களை வாங்கினார்கள்!

யாருக்கு அக்கறை?

இவ்வளவு தெரிந்தும் துள்ளுகட்டை விளம்பரங்களில் எதைச் சொல்கிறார்கள்? எவ்வளவு உயரம் குதிக்கலாம், எவ்வளவு வேகம் ஓடலாம். எத்தனை அளவு காலுக்குப் பொருந்தும், வார் எப்படி மாற்றுவது என்பது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில். இது வியாபாரத்தின் இயல்பு. உயரம் கண்ணுக்குத் தெரியும், பொருத்தம் தெரியாது. வாங்குபவர் காசு கொடுக்கும் நேரத்தில் உயரத்தைத்தான் பார்ப்பார். பொருத்தத்தின் மதிப்பு அவருக்குத் தெரிவது முதல் முறை விழுந்த பிறகு. அந்தச் செலவு விற்றவர் கணக்கில் ஏறுவதில்லை, விழுந்தவர் கணக்கில்தான் ஏறுகிறது.

பனிச்சறுக்கில் இந்த நிலை எப்படி மாறியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹ்வாம் போன்ற ஒரு கண்டுபிடிப்பாளர் மட்டும் போதவில்லை. எவ்வளவு முறுக்கினால் எலும்பு முறியும் என்று அளந்தார்கள், காயங்களை ஆண்டுக்கணக்கில் எண்ணினார்கள், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் முறையை வகுத்தார்கள், வாடகைக் கடையில் கட்டைக் கொடுப்பவரே எடை, உயரம் கேட்டுத் திருகித் தர வேண்டும் என்ற வழக்கம் வந்தது. பொருத்தம் என்பது வாங்குபவரின் சாமர்த்தியம் என்ற நிலை போய், கொடுப்பவரின் பொறுப்பு என்று ஆனது. கால்கள் தப்பியது அதற்குப் பிறகுதான். ஒரே ஜோடியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளும் இடங்களில் துள்ளுகட்டைக்கும் இந்தப் பொறுப்பு வந்தாக வேண்டும். அடுத்தவர் காலுக்கு வைத்த அளவில் நம் கால் நிற்காது.

லாண்டெஸ் மேய்ப்பனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவன் கட்டை அவன் காலுக்கென்று செதுக்கியது, அவன் வார் அவன் கையால் முடிந்தது. வேறு யாரும் அதைக் கட்டப் போவதில்லை. ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்ய ஆரம்பித்ததும் விலை குறைந்தது, ஸ்பிரிங் வந்தது, உயரம் கூடியது. குறைந்துபோனது அந்த 'அவன் காலுக்கென்று' என்பது மட்டும்தான். இரண்டு நூற்றாண்டுகளாக நடந்த முன்னேற்றங்களில் பாதி, அதைத் திரும்பக் கொண்டுவர வைத்த திருகுகளும் துளைகளும் பக்கிள்களும்தான். அவை கருவியில் இருக்கின்றன. குதிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அவற்றைத் திருகிச் சரிசெய்யும் பொறுமைதான் இன்னும் வர வேண்டியிருக்கிறது.